பின் வளவுக் கூரைக்கு ஒரு கணக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. மெல்பேர்னில் உன் நண்பர் வீட்டின் பின்பக்கத்துக் கூரை அழகாகத்தான் இருக்கிறது. மரத்தூண்கள், தொங்கு விளக்குகள், இறைச்சி வாட்டும் அடுப்பு, சாய்மனைக் கதிரைகள். இதே மாதிரி எங்கள் வீட்டிலும் போடுவோம், பத்து இலட்சம் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மனம் நிறைந்தது. ஆனால் பத்து இலட்சம் வேண்டாம், அதில் பாதிகூடத் தேவைப்படாது. கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கு எழுதிய கை இது. படத்தைப் பார்த்துப் பணம் ஒதுக்க எனக்கு வராது.

முதலில் காலத்தைப் பார். நீ வருவது டிசம்பர் விடுமுறையில். அங்கே கோடை, இங்கே கொட்டும் மாரி. ஐப்பசியில் பிடித்தால் தை வரைக்கும் வாடைக்காற்று மழையைச் சாய்த்துச் சாய்த்து அடிக்கும். உன் நண்பர் வீட்டுக் கூரை வெயிலை மறைத்தாலே போதும் போலிருக்கிறது. எங்களுடையது மாரியில் சாரலைத் தடுக்க வேண்டும், சித்திரையில் அதன் கீழ் மனிதர் இருக்கக் கூடியதாக இருக்க வேண்டும், ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது கடகடக்காமல் நிற்க வேண்டும்.

அடுத்தது, அதன் கீழ் என்ன நடக்கப்போகிறது என்பது. நீ வந்து நிற்பது சில வாரங்கள். மற்ற நாட்களில் நடப்பதை ஒரு தாளில் எழுதினேன்: மாரியில் உடுப்புக் காயப்போடுவது, மா இடித்து அரிப்பது, மருமகனின் மோட்டார் சைக்கிளும் பிள்ளைகளின் சைக்கிள்களும், பின்னேரம் பிள்ளைகள் இருந்து படிக்க ஒரு மேசை, அப்பாவின் திவசத்துக்குப் பந்தி. ஒவ்வொரு திவசத்துக்கும் தகரக் கொட்டகை வாடகைக்கு எடுக்கிறோம், அது மிச்சம். இவ்வளவுக்கும் 20 அடி நீளமும் 12 அடி அகலமும் தாராளம். நீ சொன்ன 30 அடி தென்னைக்குக் கீழே போய்விடும். தென்னையைத் தறித்துவிடலாம் என்று நீ எழுதிய வரியை நான் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள். காய்க்கிற மரம் அது.

கொங்கிறீட் தட்டும் வேண்டாம். தட்டுப் போட்டால் தூண், கம்பி, பலகை அடித்தல் என்று செலவு ஏறும். பகலில் குடித்த சூட்டை இரவில் இறக்கும். அதைவிட, தட்டு இருந்தால் அதன் மேல் ஓர் அறை கட்டலாம் என்ற ஆசை உங்கள் எல்லோருக்கும் வரும். எனக்கு அது தெரியும்.

இன்னொன்று. பணம் உன்னுடையது என்றாலும் வீடு தங்கச்சியின் பெயரில் இருக்கிறது. எங்கள் ஊர் வழக்கப்படி அவளுக்குக் கொடுத்த வீடு. சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவளையும் மச்சானையும் கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் முதலில் மச்சானுக்குத் தொலைபேசி எடு. எனக்குச் சொன்னது போல "போடுவோம்" என்று சொல்லாமல், "போடலாமா" என்று கேள். அவர் மறுக்க மாட்டார். ஆனாலும் கேட்க வேண்டும்.

அதனால்தான் வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் தனியாக ஆறு தூணில் நிற்கிற பத்தியாக, அதாவது ஒரு பக்கம் சரிந்த கூரையாக, போடுவது நல்லது என்று நினைக்கிறேன். சுவரைத் துளைக்க வேண்டியதில்லை, வீட்டுக் கூரை ஓடுகளையும் கழற்ற வேண்டியதில்லை. ஓட்டு விளிம்பு நிலத்திலிருந்து 9 அடி. அதற்குச் சற்றுக் கீழே, எட்டே முக்கால் அடியில் புதுக் கூரையின் உயரமான பக்கம் தொடங்கும். முன்பக்கம் ஏழே கால் அடியில் முடியும். 13 அடிக்கு ஒன்றரை அடி சரிவு. இந்தச் சரிவில் ஓடு போட முடியாது, தண்ணீர் பின்வாங்கி ஒழுகும். அஸ்பெஸ்டஸ் மலிவு, ஆனால் வெட்டும்போது பறக்கிற தூள் சுவாசப்பைக்கு ஆகாது, சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிற வளவு. தென்னோலைக் கிடுகின் குளிர்ச்சிக்கு எதுவும் ஈடில்லை, ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும், இப்போது நன்றாக முடைகிறவர்களைத் தேடிப் பிடிப்பதே பெரிய பாடு. ஆகவே அலுமினியமும் நாகமும் (துத்தநாகம்) பூசிய தகடு. வேண்டிய நீளத்தைச் சொன்னால் வெட்டித் தருகிறார்கள், நடுவில் பொருத்து வராது. தடிப்பு 0.47 மில்லிமீற்றர். 0.35 மலிவுதான், ஆனால் ஆள் ஏறி நடந்தால் நெளிந்துவிடும்.

எனக்குக் கவலை தருவது கூரை பாரமாக இருப்பதைப் பற்றியதல்ல. அது பாரமில்லாமல் இருப்பதுதான் கவலை. தகடு முழுவதையும் சேர்த்து நிறுத்தால் நூற்றைம்பது கிலோவுக்குள் அடங்கும். பக்கங்கள் திறந்த கூரைக்குள் காற்றுப் புகுந்தால் கீழிருந்து மேலே தள்ளும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவள் நான். தகரங்கள் கடதாசி போலப் பறந்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்லடி மண் வேறு, தோண்டத் தோண்டச் சரிகிற மணல். தூணை மணலில் நட்டு ஒரு சட்டி கொங்கிறீட் ஊற்றிவிட்டுப் போகிறவர் எனக்கு வேண்டாம். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் என்று குழி எடுத்து நிரப்பினால் ஒவ்வொன்றிலும் ஐந்நூறு கிலோவுக்கு மேல் கொங்கிறீட் நிற்கும். அதில் இரும்புத் தட்டைப் போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல் தூணை உருக்கி ஒட்ட வேண்டும். நிலத்துக்குள் ஒளிந்துவிடுகிற இந்த வேலையில்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் நிற்கும் என்பது உனக்குத் தெரிந்ததே, உன் பழைய சைக்கிளின் கதியைப் பார்த்தாயே. பொக்ஸ் பார் என்கிற சதுர இரும்புக் குழாய் நாகம் பூசியதாக இருக்க வேண்டும். ஒட்டிய இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துவிடும், அங்கே கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். குழாயின் வாயை மூடி ஒட்டாமல் விட்டால் உள்ளிருந்தே அரிக்கும். தகட்டில் திருகாணி மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. ஆணிக்குக் கீழே இறப்பர் வளையம் இருக்கிறதா என்று நான் ஏணிக்குக் கீழே கதிரை போட்டு இருந்து பார்ப்பேன்.

தண்ணீரை யாரும் நினைப்பதில்லை. பக்கங்களில் ஓரடியும் முன்னால் ஓரடியும் வெளியே நீண்டால் கூரை 22க்கு 13, அதாவது 286 சதுர அடி. ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் இந்தக் கூரையில் மட்டும் இரண்டாயிரத்து அறுநூறு லீற்றருக்கு மேல் விழும். வீட்டு ஓட்டின் பின்பக்கத்துத் தண்ணீரும் இதன் மேல்தான் வடியும். அதைச் சும்மா விட்டால் கிழக்கு மதிலுக்குப் பின்னால் இருப்பவர்களின் வளவுக்குள் போய் நிற்கும், பிறகு மாரி முழுக்க முகம் பார்க்க முடியாது. கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்த அகலமான பீலியும் இரண்டு இறக்குக் குழாய்களும் வேண்டும். ஒன்று தண்ணீர்த் தாங்கிக்கு, மற்றது எங்கள் வளவுக்குள்ளேயே தோண்டுகிற குழிக்கு.

இனிப் பணம். முதலில் விலை சொல்ல வந்தவர் சதுர அடிக்கு 1,400 ரூபா, எல்லாம் அடக்கம் என்றார். 240 சதுர அடிக்கு 336,000 என்று நான் கணக்குப் போட்டேன். அவர் அளப்பது கூரையை என்பது பிறகுதான் வாயில் வந்தது. 286 சதுர அடிக்கு 400,400. "எல்லாம்" என்பதற்குள் பீலியும் இல்லை, பூச்சும் இல்லை. ஒரு கடையின் விலைத்தாளில் 18 வீத வற் வரி அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. ஆகவே பொருட்களை நாங்களே வாங்கி, கூலியை மட்டும் பேசுவதாக மருமகனும் நானும் நினைக்கிறோம். கேட்ட விலைகளின்படி இரும்பு 120,000, தகடு 90,000, சீமெந்து, மண், கல் 45,000, பீலியும் குழாயும் 25,000, பூச்சும் திருகாணியும் 15,000, கூலி 80,000. மொத்தம் 375,000. பத்தில் ஒரு பங்கு எதிர்பாராத செலவுக்கு. 412,500 ரூபாவுக்கு மேல் ஒரு சதமும் அனுப்பாதே. அந்தப் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினால் விளக்குக்குப் போகும், மிஞ்சாவிட்டால் பழைய குமிழ் இருக்கிறது.

கூலியை மூன்றாகப் பிரித்துப் பேசியிருக்கிறேன். தொடங்கும்போது ஒரு பங்கு, கூரை ஏறியதும் ஒரு பங்கு, கடைசிப் பங்கு முதல் பெருமழைக்குப் பிறகு. ஒட்டுவேலைக்காரர் சிரித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதனால்தான் அவரைப் பிடித்தது.

கூரைக்குக் கீழே சீமெந்து நிலம் இப்போது வேண்டாம். நான்கு அங்குலக் கொங்கிறீட் போட்டால் பதினைந்து பை சீமெந்து போகும். ஒரு மாரி போகட்டும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டுப் போடலாம். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு நான் எந்த நிலத்தையும் குசினிப் படிக்கு மேலே உயர்த்த விடுவதில்லை. விறகடுப்பும் கூரைக்கு வெளியேதான் இருக்கும், நீ ஆசைப்பட்ட இறைச்சி அடுப்பும் அங்கேயே வைக்கலாம்.

புரட்டாதி முடிவதற்குள் கூரை ஏறிவிட வேண்டும். அதனால் ஆவணி பிறக்குமுன் பாதிப் பணத்தை அனுப்பு, மீதியைத் தகடு வந்து இறங்கியதும் கேட்கிறேன். மாநகர சபையில் என்ன அனுமதி வேண்டும், மதிலிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கேட்க மருமகன் திங்கட்கிழமை போகிறார். அதற்குள் நீ அவரோடு பேசிவிடு. தகட்டின் நிறத்தை நீயும் தங்கச்சியும் பேசி முடிவு செய்யுங்கள், கடும் சிவப்பும் கறுப்பும் மட்டும் வேண்டாம், சூட்டை இழுக்கும்.

மருமகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
அம்மா