ஆயா வளர்த்த பிள்ளை

ஆசிரியருக்கு, வணக்கம்.

ராஜேஷ் கன்னா நடித்த 'பிரேம் நகர்' இந்திப் படம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'வசந்த மாளிகை'யைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் தேவையே இல்லை என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். நானும் சிவாஜி ரசிகைதான். ஆனாலும் இதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

நகல் என்று பார்த்தால் நம் வசந்த மாளிகையும் நகல்தான். கோடூரி கௌசல்யா தேவியின் தெலுங்கு நாவல் 1971இல் நாகேஸ்வர ராவ் நடிக்க 'பிரேம நகர்' ஆனது. மறு வருடம் தமிழ், 1974இல் இந்தி. மூன்றுக்கும் தயாரிப்பாளர் ராமாநாயுடு, இயக்குநர் கே. எஸ். பிரகாஷ் ராவ். இதில் ஒரு வேடிக்கை, நெல்லூர்க்காரர் வாணிஸ்ரீ தமிழில் கதாநாயகி லதா. தமிழ்ப் பெண் ஹேமமாலினி இந்தியில் லதா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கதையை எல்லோரும் குடியும் காதலுமாகவே பேசுகிறார்கள். எனக்கு அது பெற்றவள் கவனிக்காமல் விட்டு, ஆயா கையில் வளர்ந்த ஒரு ஜமீன் பிள்ளையின் கதை. சிவாஜி குடித்தால் திரையே அவர் பக்கம் சாயும். துக்கமும் ராஜ துக்கம். ராஜேஷ் கன்னாவுக்கு அந்தக் கம்பீரம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூப்பிட்டால் யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்க்கிற சின்னப் பையன் அவர் முகத்தில்தான் தெரிகிறான். பாட்டுகளிலும் அதே கதைதான். நம் 'யாருக்காக' காதல் கலைந்துபோன மாளிகையைப் பார்த்துக் கதறுகிறது. எஸ். டி. பர்மன் இசையில் கிஷோர் குமார் பாடும் 'யே லால் ரங்' பாட்டிலோ, இந்தச் சிவப்பு என்னை எப்போதுதான் விடும் என்று மதுவிடமே ஒருவன் புலம்புகிறான்.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. என் அம்மா பதினோரு வருடம் ஒரு பெரிய வீட்டில் ஆயாவாக இருந்தவர். அந்த வீட்டுப் பையன் என் அம்மா ஊட்டினால்தான் சாப்பிடுவான். சாயங்காலம் கிளம்பும்போது முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டானாம். தூங்கவைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு வரவேண்டும். இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வரும்போது அம்மாவின் தோளில் அவன் கக்கிய பால் காய்ந்திருக்கும். அதற்கு மேல் எங்களுக்கு ஊட்டத் தெம்பு ஏது? அக்காதான் சோறு பிசைந்து உருட்டிக் கொடுப்பாள்.

பின்னாளில் ஒரு பொங்கலுக்கு, கன்னா பைத்தியமான என் அண்ணன் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து இந்தப் படத்தைப் போட்டான். அம்மாவுக்கு இந்தி தெரியாது, கதை தெரியும். ஹேமமாலினி வந்ததும் அண்ணன் விசிலடித்தான், அம்மா கண்டுகொள்ளவில்லை. கன்னாவின் தாய் ராணியம்மாவாக காமினி கௌஷல் வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்து, "இந்தம்மாவுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். ரெண்டு என்றேன். "ரெண்டைக்கூடப் பார்த்துக்க முடியலையாக்கும்" என்றார். நாங்கள் மூன்று பேர். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்தத் தாயின் மேல் படத்துக்கே அரைக்கோபம்தான். வில்லத்தனம் முழுவதையும் கன்னாவின் அண்ணனாக வரும் பிரேம் சோப்ராவின் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். அது எனக்கும் குறையாகத்தான் படுகிறது. கட்டுரையாளர் அதையாவது தொட்டிருக்கலாம். காமினி கௌஷல் பெயரே கட்டுரையில் இல்லை. நாற்பதுகளில் திலீப் குமாருக்கு ஜோடியாக நடித்தவர், கன்னாவைவிடப் பதினைந்து வயதுதான் மூத்தவர். அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சேலம்