கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கும் ஃபைல் சர்வர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலையமைப்பில் பலர் பகிரும் கோப்புகளை வைத்திருக்கும் ஃபைல் சர்வரைத் திறக்க முயலும்போதெல்லாம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டியே வந்து நின்றால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, எஸ்எம்பி எனும் கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதற்பதிப்பை மீண்டும் இயக்குங்கள், கடவுச்சொல் பாதுகாப்பை அணைத்துவிடுங்கள், கோப்புறையை எல்லோருக்கும் முழு உரிமையுடன் திறந்துவிடுங்கள் என்ற மூன்று யோசனைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. சாவி ஏன் சேரவில்லை என்று பாராமல் பூட்டையே கழற்றி எறியச் சொல்லும் யோசனைகள் இவை. தங்கள் நாளிதழில் கணினி தொடர்பான ஐயங்களுக்கு விடையளிப்போர் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினியும் சர்வரும் எந்த எஸ்எம்பி பதிப்பில் பேசுவது என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் அடையாளச் சோதனை தொடங்குகிறது. பதிப்பு பொருந்தாவிட்டால் சர்வரை அணுக முடியவில்லை என்ற பிழைச் செய்தி வருமேயன்றி, சாதாரணமாகக் கடவுச்சொல் பெட்டி வராது. ஆகவே பெட்டி வருகிறது என்றாலே பதிப்புச் சிக்கல் பெரும்பாலும் தாண்டியாயிற்று. முதற்பதிப்பை இயக்குவதால் பயன் ஏதுமில்லை, ஆபத்து மட்டும் உண்டு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் பரவியது அந்த முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அது இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை.

தவறான கடவுச்சொல், இல்லாத கணக்கு, பூட்டப்பட்ட கணக்கு, கடிகார வேறுபாடு ஆகிய அனைத்துக்கும் பயனரின் திரையில் தோன்றுவது ஏறக்குறைய ஒரே பெட்டிதான். உண்மைக் காரணம் சர்வரிடம் இருக்கிறது. விண்டோஸ் சர்வரில் நுழைவு முயற்சிகளைக் குறித்துவைக்கும் தணிக்கைப் பதிவு இயக்கத்தில் இருந்தால், நிகழ்வுப் பதிவேட்டின் பாதுகாப்புப் பிரிவில் 4625 என்ற எண்ணுடைய வரியைத் திறந்து பார்க்கலாம். எந்தக் கணக்கின் பெயர் வந்து சேர்ந்தது, எந்தக் கணினியிலிருந்து வந்தது, ஏன் மறுக்கப்பட்டது என்பவை அதில் எழுதப்பட்டிருக்கும். தாம் தட்டிய பெயர் ஒன்று, சர்வருக்குப் போன பெயர் வேறொன்று என்பதைப் பலர் அங்கேதான் முதன்முறையாகக் காண்கிறார்கள்.

பெட்டி திரும்பத் திரும்ப வருவதற்கு மிகப் பரவலான காரணம், கடவுச்சொற்களை நினைவில் வைக்கும் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்து வைக்கப்பட்ட பழைய கடவுச்சொல். சர்வரில் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் கணினி பழையதையே அனுப்பிக்கொண்டிருக்கும். இச்சேமிப்பு சர்வரின் பெயரை வைத்தே நடப்பதால், பெயரைத் தட்டினால் மறுக்கும் சர்வர் அதன் எண் வடிவ ஐபி முகவரியைத் தட்டினால் திறந்துகொள்வதும் உண்டு. அவ்வாறு திறந்தால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று விட்டுவிடாமல், அந்தப் பெயரின் கீழ் உள்ள பழைய பதிவை நீக்க வேண்டும். ஒரே சர்வருடன் ஒரே பயனர் இரு வேறு கணக்குகளில் இணைவதையும் விண்டோஸ் அனுமதிப்பதில்லை. 1219 என்ற பிழை எண் அதைத்தான் குறிக்கிறது. கட்டளைச் சாளரத்தில் நெட் யூஸ் (net use) என்ற கட்டளையைக் கொடுத்தால் நிலுவையில் உள்ள இணைப்புகள் தெரியும். வேண்டாதவற்றைத் துண்டித்துவிட்டு மறுபடி முயலலாம். பழைய கடவுச்சொல்லை விடாமல் அனுப்பும் கணினி வேறொன்றாக இருந்தால் கணக்கே பூட்டப்பட்டுவிடும். அப்போது சரியான கடவுச்சொல்லும் செல்லாது. பயனர் தம் கணினியைக் குடைந்துகொண்டிருக்க, கோளாறு அடுத்த அறையில் இருக்கும்.

கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டொமைன் அமைப்பில் கடிகாரத்தையும் பார்த்துவிட வேண்டும். அங்கே அடையாளத்தைச் சோதிக்கும் கெர்பரோஸ் முறை இயல்பாக 5 நிமிட வேறுபாட்டையே பொறுத்துக்கொள்ளும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய்ப் பழைய தேதியைக் காட்டும் கணினிக்கு அந்த முறையில் நுழைவுச் சீட்டு கிடைக்காது. ஐபி முகவரி வழியே சென்றால் இயல்பாகக் கெர்பரோஸ் பயன்படுத்தப்படாமல் என்டிஎல்எம் என்ற பழைய அடையாளச் சோதனை முறைக்குப் போய்விடுவதால், முகவரியால் திறந்து பெயரால் திறக்காமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

விண்டோஸில் நுழையப் பயன்படும் பின் (PIN) எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. அதைச் சர்வருக்குக் கொடுத்துப் பயனில்லை. கடவுச்சொல்லே இல்லாத உள்ளூர்க் கணக்கை வலையமைப்பு வழியாக ஏற்பதையும் விண்டோஸ் இயல்பாகத் தடுக்கிறது. வெறும் பயனர் பெயருக்கு முன்னால் சர்வரின் பெயரையும் பின்சாய்கோட்டையும் (\) சேர்த்துத் தட்டினால், எந்தக் கணக்கு என்ற குழப்பம் நீங்கும். லினக்ஸில் எஸ்எம்பி பகிர்வுக்கான சாம்பா மென்பொருளை வைத்திருப்பவர்கள், கணினியில் கணக்கு உருவாக்கினால் மட்டும் போதாது, சாம்பாவின் சொந்தப் பட்டியலிலும் கடவுச்சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

கணக்கே இல்லாமல் விருந்தினராக உள்ளே விட்ட பழைய சேமிப்புச் சாதனங்களின் நிலை வேறு. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீட்டில், புரோ பதிப்பும் பாதுகாப்பற்ற விருந்தினர் நுழைவை இயல்பாக மறுக்கிறது; செய்திகள் இடையில் மாற்றப்படவில்லை என உறுதிசெய்யும் எஸ்எம்பி கையொப்பத்தையும் கட்டாயமாகக் கேட்கிறது. அத்தகைய சாதனத்தில் ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, கையொப்ப வசதி இருந்தால் அதையும் இயக்குவதே முறை. எல்லாக் கணினிகளிலும் பாதுகாப்பைத் தளர்த்துவதைவிட இது சில நிமிட வேலை. ஐயம் கேட்டு எழுதும் வாசகர்களிடம், சர்வரின் பதிவேட்டில் உள்ள மறுப்புக் காரணத்தையும் சேர்த்து அனுப்புமாறு தங்கள் பகுதியில் ஒரு குறிப்பு வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பராமரிப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்