காலி வீடுகள் குறித்துத் தமிழ்க் கவுன்சிலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கவுன்சிலர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் கவுன்சில்களில் இன்று நம்மவர்கள் பலர் உறுப்பினர்களாக இருக்கிறீர்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது வாசலில் நின்று மக்கள் உங்களிடம் கேட்பதில் முக்கியமானது வீடு. “கவுன்சில் வீட்டுக்குப் பதிந்து வைத்து வருஷக்கணக்காகிறது, எப்போது கிடைக்கும்?” என்பார்கள். வீடு இல்லை என்பதுதான் வழக்கமான பதில்.

ஆனால் 2024 அக்டோபர் கணக்குப்படி, ஆறு மாதத்துக்கும் மேலாக ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகள் இங்கிலாந்தில் சுமார் 2,65,000. அந்த ஆண்டு முடியும்போது, வீடில்லாமல் கவுன்சில்கள் தங்கவைத்த தற்காலிக இருப்பிடங்களில் 1,20,000 குடும்பங்களுக்கு மேல் இருந்தன. தேவை இருக்கும் ஊரிலேயே காலி வீடும் இருக்கும் என்பதில்லை, சரிதான். இருக்கும் ஊர்களிலாவது ஏதாவது செய்யலாமே என்பதற்குத்தான் இந்த மடல்.

காலி வீடுகளுக்குக் கவுன்சில் டாக்ஸை, அதாவது கவுன்சில் வாங்கும் வீட்டு வரியை, ஏற்றிவிட்டோம் என்பீர்கள். ஏற்ற முடியும், உண்மை. 2024 ஏப்ரலிலிருந்து ஓராண்டு காலியாகக் கிடந்தாலே இரண்டு மடங்கு வாங்கலாம். ஐந்தாண்டு தாண்டினால் மூன்று மடங்கு, பத்தாண்டு தாண்டினால் நான்கு மடங்கு. அந்த வரியைக் கட்டிவிட்டுக் கதவைத் திறக்காமலே இருப்பவர்களை என்ன செய்வது? வீடு காலியாகவே கிடக்கிறது, கவுன்சிலுக்கு வருமானம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பணம் பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் அந்த வீட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

2004 வீட்டுவசதிச் சட்டம் உங்களுக்கு இன்னோர் அதிகாரம் கொடுத்தது. காலி வீட்டின் நிர்வாகத்தைக் கவுன்சிலே எடுத்து, பழுது பார்த்து, ஏழாண்டு வரை வாடகைக்கு விடலாம். செலவு போக மிஞ்சுவது உரிமையாளருக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2012-இல் விதியை இறுக்கிவிட்டார்கள். இரண்டாண்டு காலியாக இருக்க வேண்டும், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தருகிறது என்று தீர்ப்பாயத்தில் காட்டவும் வேண்டும். அதனால் கவுன்சில்கள் இதை அபூர்வமாகத்தான் கையில் எடுக்கின்றன. அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் வற்புறுத்துவது கட்டாய விற்பனையை. எங்கள் தெருவில் ஒரு காலி வீட்டின் கூரைத் தண்ணீர்க் குழாய் உடைந்து கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் ஒட்டிய வீட்டின் சுவருக்குள் இறங்குகிறது. அங்கே குடியிருக்கும் அம்மா, பிள்ளையின் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி அறை நடுவில் போட்டிருக்கிறார். இப்படிப்பட்ட வீட்டுக்குக் கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கலாம். உரிமையாளர் கண்டுகொள்ளாவிட்டால் தானே ஆள் வைத்துச் சரிசெய்யலாம். பல சட்டங்களில் அந்தச் செலவு வீட்டின் மேலேயே கடனாக ஏறும். கட்டாமல் விட்டால், கடன் கொடுத்த வங்கி எப்படி விற்குமோ அப்படியே 1925 சொத்துச் சட்டத்தின்படி கவுன்சில் அந்த வீட்டை விற்கலாம். தன் பாக்கியை எடுத்துக்கொண்டு மீதியை உரிமையாளருக்குக் கொடுத்துவிடும். கட்டாயக் கையகப்படுத்தல் போல வீட்டை விலை கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பல வருஷம் பதிலே போடாத உரிமையாளர்கூடப் பேச வருவார்.

இதையெல்லாம் செய்ய ஆள் வேண்டும். காலி வீடுகளைக் கவனிக்கும் அலுவலர் என்று ஒரு பதவி உண்டு. அதை வேறொருவருக்குக் கூடுதல் வேலையாகக் கட்டிவிடுவது, இல்லையென்றால் நிரப்பாமல் விடுவது, இரண்டுமே தப்பு. காலி வீட்டுக்காரர்கள் எல்லோரும் பிடிவாதக்காரர்களும் இல்லை. பெற்றோர் இறந்து சகோதரர்களுக்குள் பங்கு தகராறு, முதியோர் இல்லத்துக்குப் போன தாயின் வீட்டை விற்க மனசு வராத மகள், பழுது பார்க்கப் பணம் இல்லாதவர் என்று பல மாதிரி. இவர்களுக்குச் சட்டத்தைக் காட்டுவதைவிட ஒருவர் நேரில் போய்ப் பேசுவதே உதவும். இரண்டாண்டு காலியாகக் கிடந்த வீட்டைப் புதுப்பிக்கும்போது, தகுதியுள்ள வேலைகளுக்கு வாட் வரி 20 சதவீதத்துக்குப் பதில் 5 சதவீதம்தான். காலியாக இருந்தது என்று அந்த அலுவலர் தரும் கடிதமே அதற்குச் சான்றாகும். இந்தச் சலுகை இருப்பதே பலருக்குத் தெரியாது. அலுவலர் இல்லாத ஊரில் யார் போய்ச் சொல்வது?

அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் தயவுசெய்து இதைக் கேளுங்கள். காலி வீடுகளின் கூடுதல் வரியாகப் போன ஆண்டு எவ்வளவு வந்தது? அதில் ஒரு முழுநேர அலுவலருக்கு ஏன் சம்பளம் ஒதுக்கக் கூடாது? அப்புறம், பத்தாண்டுக்கு மேல் காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கடைசியாக என்ன நடவடிக்கை எடுத்தார்கள், எந்தத் தேதியில் எடுத்தார்கள், எந்தெந்த வீட்டைக் கட்டாய விற்பனைக்குக் கொண்டுவர முடியும் என்று அதிகாரிகளிடம் எழுத்தில் வாங்குங்கள். கிடைக்கும் பதிலை உங்கள் வார்டு மக்களுக்கும் தெரியப்படுத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்