ஞாயிறு கரைநடை: நெருப்புப் புழு, கவனம்!

வணக்கம் நண்பர்களே. பாம்பன் கரைக்கு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

நீர் வற்றிய நேரத்தில் கல்லைப் புரட்டினால், அடியில் விரல் நீளத்தில் இளஞ்சிவப்பாக ஒரு புழு இருக்கலாம். இரு பக்கமும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் முடி. பார்க்க அவ்வளவு அழகு, அதனால்தான் குழந்தைகள் கை நீட்டிவிடுகிறார்கள். இது கடிப்பதில்லை, தொட்டாலே போதும். அந்த முடிகள் சுண்ணாம்புச் சத்தால் ஆன நுண்ணிய ஊசிகள். தோலில் குத்தியதும் உடைந்து உள்ளேயே நின்றுவிடும். கம்பளிப்பூச்சி பட்டதுபோல் தொடங்கி, நெருப்பாக எரியும், வீங்கும், மரத்துப்போகும். அரிப்பு சில நாள்கூட இருக்கும். செத்த புழுவின் முடியும் குத்தும்.

பட்டுவிட்டால் தயவுசெய்து தேய்க்காதீர்கள், முடி இன்னும் ஆழமாக இறங்கும். ஒட்டும் டேப்பை மெதுவாக அழுத்தி உரித்தெடுங்கள். மிச்சத்தை இடுக்கியால் எடுத்துவிட்டு, அப்புறம் வினிகர் தடவலாம். டேப், இடுக்கி, வினிகர் மூன்றும் என் பையில் இருக்கும். கண்ணில் பட்டாலோ, மூச்சு திணறினாலோ நேராக ஆஸ்பத்திரிதான்.

தடித்த கையுறையும் மூடிய செருப்பும் கட்டாயம். புழுவைக் கொல்ல வேண்டாம், கடலடியில் செத்ததைத் தின்று சுத்தம் செய்வது அதுதான். புரட்டிய கல்லைப் பழையபடியே வைத்துவிடுங்கள்.