முன் ஆக்சிலுக்கு ஒரு வழி சொல்லுங்கள்: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் ஆறு ஏக்கர் நெல்லும் ஒரு பிக்கப் வண்டியும் வைத்திருப்பவன் எழுதுகிறேன். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் என் வண்டியை, முன்னால் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக இணைக்கும் ஒரு முழு ஆக்சில் போட்டு, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவாக மாற்ற அனுமதி கேட்டு, எங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மூன்று முறை மனுக் கொடுத்துவிட்டேன். மூன்று முறையும் வாயால்தான் பதில் வந்தது. "அதெல்லாம் முடியாது சார்." சென்ற வாரம் மூன்றாவது மனுவை வாங்காமலே கையில் திருப்பிக் கொடுத்தார்கள். எந்த விதிப்படி முடியாது, யாரிடம் கேட்டால் முடியும் என்று ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன். அதுவும் கிடைக்கவில்லை.

சட்டம் தெரியாமல் கேட்கவில்லை. கம்பெனி தந்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கிச் சொன்னதும் தெரியும். மீறினால் பிரிவு 182ஏ-யின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே பிரிவு 52-இல், ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக வண்டியை மாற்ற மத்திய அரசு விலக்கு அளிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறது. அந்த வாசகத்தைக் காட்டித்தான் கேட்டேன். அந்தத் தாளை யாரும் படித்துப் பார்க்கக்கூட இல்லை.

என் நோக்கம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், அறுவடைக்கு நின்ற பயிரின் மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். எங்களுக்கு மழைக்கு முதல் நாள்தான் அறுப்பு மெஷின் வந்தது. நெல் களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மறுநாள் மதியம் மழை கொஞ்சம் விட்டதும், சாக்கு பிடித்து 30 சிப்பம் வண்டியில் ஏற்றினோம். களத்திலிருந்து தார்ச்சாலைக்கு வாய்க்கால் கரையில் அரை கிலோமீட்டர். பாதி தூரம்கூடப் போகவில்லை, பின் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் களிமண் நனைந்தால் டயரின் பள்ளமெல்லாம் அடைத்து, டயரை மொழுக்கென்று ஆக்கிவிடும். வைக்கோல் போட்டோம், தென்னை மட்டை போட்டோம், வெறும் சாக்கை மடித்துப் போட்டோம். சக்கரம் எல்லாவற்றையும் பின்னால் வாரி எறிந்துவிட்டு இன்னும் கீழே போனது. கடைசியில் பின் ஆக்சில் ஹவுசிங் சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

டிராக்டருக்குப் போன் செய்தேன். டிராக்டர் வைத்திருந்த எல்லாரும் அன்று அவரவர் நெல்லோடு போராடிக்கொண்டிருந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. 30 சிப்பத்தையும் இறக்கி, நாலு பேர் தலையில் வைத்துத் தார்ச்சாலைக்குச் சுமந்தோம். சிப்பம் ஒன்று 40 கிலோ. என் சித்தப்பாவுக்கு அப்போது வயது 61. "நீங்க உட்காருங்க சித்தப்பா" என்று சொல்லியும் கேட்கவில்லை. ஏழாவது நடையில் கரை வழுக்கி, சிப்பத்தோடு வாய்க்காலில் விழுந்தார். முழங்கால் திரும்பிவிட்டது. இன்றுவரை அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் வழக்கமான 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. திரும்பக் கொண்டுவந்து ஒன்பது நாள் காயவைத்தோம். அடியில் இருந்த சில சிப்பங்களில் முளை கட்டியிருந்தது.

அன்று அந்தச் சேற்றில் என் வண்டியின் முன் சக்கரம் இரண்டும் சும்மா நின்றன. எஞ்சின் பாரம் முழுவதும் அவற்றின் மேல்தான் இருக்கிறது. அவை இரண்டும் கொஞ்சம் இழுத்திருந்தால் போதும், வண்டி வெளியே வந்திருக்கும். காலியாக உள்ளே போகும்போது நிலைமை இன்னும் மோசம், பின்னால் பாரமே இருக்காது. இதற்காக ஐப்பசி முதல் தை வரை ஆறு மணல் மூட்டையைத் தொட்டியில் போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன். நெல்லுக்கு ஆகும் டீசலோடு மணலுக்கும் டீசல் போடுகிறேன்.

கம்பெனியிலிருந்தே ஃபோர் வீல் டிரைவாக வரும் பிக்கப்பை வாங்கலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். இந்த வண்டிக்கே தவணை முடியவில்லை.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் பழைய ஜீப்புகளிலேயே கை பழகியவர். அவர் சொல்லித்தான், கழித்த ஜீப் ஒன்றின் முன் ஆக்சிலையும், எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் முறையான பில்லோடு வாங்கினேன். 14 மாதமாக மாட்டுக்கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். செய்யவேண்டிய வேலையை வரைபடமாகவே போட்டு மனுவோடு இணைத்தேன். கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ், அங்கிருந்து முன்னுக்கு விசையைக் கொண்டுபோக ஒரு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஷாஃப்டை அளவுக்குக் குறைப்பது, இப்போது முன்னால் இருக்கும் தனித்தனிக் கைகளையும் சுருள் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டுப் பட்டை ஸ்பிரிங்கில் முழு ஆக்சிலை உட்கார வைப்பது. முன்னும் பின்னும் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கர விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும். பல்லை எண்ணி அதையும் சரிபார்த்துவிட்டார் அண்ணன்.

முழு ஆக்சில் ஒன்றும் புதுமை இல்லை. பழைய ஜீப், ஜிப்ஸி எல்லாம் முன்னும் பின்னும் அப்படித்தான் வந்தன, இன்றைய ஜிம்னியும் அப்படித்தான். வரப்பில் ஒரு சக்கரம் ஏறினால் மறு சக்கரம் தானாகத் தரையை அழுத்தும். உடைந்தால் எங்கள் ஊர்ப் பட்டறையிலேயே சரிசெய்யலாம்.

ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. சேஸிஸில் ஸ்பிரிங் தாங்கி பற்றவைக்கும் இடம் பலமாக இருக்க வேண்டும். வண்டி உயரும், அதனால் வளைவில் சாயும் பயம் கூடும். பிரேக் ஹோஸின் நீளம் போதாமல் போகலாம். ஸ்டியரிங் ராடின் கோணம் தப்பினால், பள்ளத்தில் இறங்கும்போது வண்டி தானாகத் திரும்பும். இதையெல்லாம் தெரிந்தவர் ஒருவர் பரிசோதித்து, சரி அல்லது தவறு என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் உங்கள் அலுவலகத்தின் படியேறினேன்.

அங்கே எனக்குக் கிடைத்த யோசனை என்ன தெரியுமா? வாசலில் நின்ற தரகர் சொன்னார்: "எதுக்குண்ணே மனு? மாட்டி ஓட்டுங்க. எஃப்.சி. சோதனை வரும்போது கழட்டிட்டு பழசை மாட்டிக் காட்டுங்க, நான் பாத்துக்கறேன்."

ஐயா, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஸ்டியரிங்கும் பிரேக்கும் தொங்கும் முன் ஆக்சிலை, எஃப்.சி.க்கு எஃப்.சி. வெட்டிக் கழற்றி, பற்றவைத்து மாட்ட வேண்டுமாம். ஆய்வாளர் பார்க்கும் வண்டி ஒன்று, சாலையில் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓடும் வண்டி வேறொன்று. விபத்து என்றால் காப்பீடும் கை கொடுக்காது. முறையாகக் கேட்டவனின் ஆக்சில் கொட்டகையில் துருப்பிடிக்கிறது. கேட்காமல் மாற்றிக்கொண்டவர்கள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், எந்தச் சோதனையும் இல்லாமல். இதில் யாருக்குப் பாதுகாப்பு?

கரைப் பாதை ஒழுங்காக இருந்தால் எனக்கு இந்த ஆக்சிலே வேண்டாம். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் அவசர அவசரமாகத் தூர்வாருகிறார்கள். வாரிய மண்ணை அதே கரைப் பாதையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். முதல் மழையில் அது குழம்பாகிறது. கஜா புயல் அடித்த 2018-லிருந்து எங்கள் கரைக்கு ஒரு கூடை சரளை விழவில்லை. சட்டமன்றம் 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் என்று சட்டமாக்கியது. அந்த மண்டலத்தில் விளைந்த நெல்லை வெளியே கொண்டுவர ஒரு பாதை இல்லை. பாதைக்கு ஏற்ற வண்டிக்கும் அனுமதி இல்லை.

மன்னிக்கவும், கரை உங்கள் துறை அல்ல. வண்டி உங்கள் துறை. அதைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

என் வண்டியை ஃபோர் வீல் டிரைவாக மாற்ற எந்த வழியில் அனுமதி பெறலாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். இன்றைய விதியில் வழியே இல்லை என்றால், டெல்டாவின் விவசாயச் சரக்கு வண்டிகளுக்குப் பிரிவு 52 சொல்லும் விலக்கைக் கேட்டு மத்திய அரசுக்குப் பரிந்துரை அனுப்புங்கள். ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. மாற்றத்தின் வடிவமைப்பை அங்கே ஒருமுறை சோதித்து ஒப்புதல் தரட்டும், அதன்படி செய்த வண்டியை எங்கள் ஆய்வாளர் பார்த்து ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்யட்டும். கட்டணம் எவ்வளவு என்றாலும் கட்டுகிறேன். ஆக்சிலில் குறை கண்டு வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன், காரணத்தை எழுதித் தந்தால் போதும்.

ஐப்பசி மழைக்கு முன் பதில் கிடைத்தால் நன்றாக இருக்கும். மனுவின் நகல், வரைபடம், ஆக்சில் வாங்கிய பில் எல்லாம் தயாராக இருக்கின்றன. எந்த ஊருக்கு, எந்தத் தேதியில் வரச் சொன்னாலும் வண்டியோடு வருகிறேன். தயவுசெய்து எழுத்தில் ஒரு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைமடை விவசாயி ஒருவன்