சட்டம் சரியாக இருந்தால்தான் பெட்டி திறக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தேனீ வளர்ப்பைப் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் தேனின் குணத்தையும் மகரந்தச் சேர்க்கையின் பயனையும் விரிவாகச் சொல்கின்றன. பெட்டிக்குக் கிடைப்பது ஒரு வரிதான்: ‘பெட்டி வாங்கி வைக்க வேண்டும்’. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் சறுக்குவது அந்த ஒரு வரியில்தான். பலகைகளாக வரும் பெட்டியைப் பூட்டி, சட்டம் (தேனீ அடை கட்டும் மரச்சட்டகம்) அடித்து, அதில் அடைக்கு அடித்தளமாகும் மெழுகுத் தாள் பொருத்தும்போது எது பிசகுகிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் ஓர் அளவு: பெட்டிக்குள் விட வேண்டிய இடைவெளி. 6 மி.மீ.க்குக் குறைந்த இடுக்கை இத்தாலியத் தேனீ பிசின் வைத்து அடைத்துவிடும். (இந்தியத் தேனீ பிசினை அநேகமாகத் தொடுவதே இல்லை.) 9 மி.மீ.க்கு மேல் போனால் அங்கே அடை கட்டத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே விட்டால் அது நடைபாதை. அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் லாங்ஸ்ட்ராத் 1851-ல் இதைக் கவனித்து, 1852-ல் தம் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். சட்டத்தைத் தனியே தூக்கிப் பார்க்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். இதைக் கெடுத்துவிட்டால் சட்டமும் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தூக்கும்போது அடை கிழிந்து தேன் வழியும், புழு நசுங்கும், வழிந்த தேனுக்கு எறும்பும் பக்கத்துப் பெட்டித் தேனீயும் வந்து சேரும்.

10 சட்டம் கொண்ட லாங்ஸ்ட்ராத் பெட்டியைப் பூட்டும்போது, சட்டம் தொங்கும் பள்ளம் மேற்புறமும் கைப்பிடிக் குழி வெளிப்புறமும் வருகின்றனவா என்று ஆணி அடிப்பதற்கு முன்பே பாருங்கள். ஒரு பலகையைத் தலைகீழாக அடித்துவிட்டுப் பிடுங்குவது தொடக்கக்காரர்களிடம் மிகச் சாதாரணமாக நடக்கிறது. தண்ணீரில் கரையாத மரப்பசை தடவி நான்கு பலகைகளையும் சேர்த்ததும், பசை இறுகுவதற்குள் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். அவை சமமாக இல்லாவிட்டால் நீளமான மூலைகளைப் பிடித்து அழுத்திச் சரிசெய்யலாம். பசை காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கோணிய பெட்டியில் சட்டம் ஒரு முனையில் இடிக்கும், மறுமுனையில் அகலும், மேல்மூடியும் ஆடும்.

சட்டத்துக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 10 ஆணி: மேல்கட்டையிலிருந்து பக்கக்கட்டைக்குள் முனைக்கு இரண்டு, கீழ்க்கட்டையிலும் அப்படியே முனைக்கு இரண்டு. மீதி இரண்டு பக்கக்கட்டையின் வழியாகக் குறுக்கே மேல்கட்டைக்குள் இறங்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி இரண்டைத்தான். தேன் நிறைந்த பெரிய சட்டம் சுமார் 3 கிலோ கனக்கும். பிசின் பிடித்ததை உளியால் நெம்பும்போது, மேலிருந்து நேராக இறங்கிய ஆணி உருவிக்கொண்டு வந்துவிடும். மேல்கட்டை மட்டும் கையோடு வர, அடை பெட்டிக்குள்ளேயே நிற்கும். குறுக்கு ஆணிதான் அதைத் தாங்கும்.

மெழுகுத் தாளைத் தாங்கச் சட்டத்தின் குறுக்கே கட்டும் கம்பியைத் தட்டினால் ‘டிங்’ என்று ஒலிக்கும் அளவுக்கு இழுத்தால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் பக்கக்கட்டை உள்வாங்கிவிடும். தொய்வாக விட்டால் வெயிலில் தாள் இறங்கி, மேல்வரிசை அறைகள் நீளும். அங்கே ஆண் தேனீ வளருமே தவிர பணித்தேனீ வளராது. தாளில் கம்பியைப் பதிக்க 12 வோல்ட் பேட்டரியில் சில நொடிகள் போதும். மெழுகு இளகி கம்பி மூழ்கியதும் எடுத்துவிடுங்கள், தாமதித்தால் கம்பி கத்திபோல் தாளை அறுத்துவிடும். குளிரில் தாள் அப்பளம்போல் நொறுங்கும், ஆகவே வெதுவெதுப்பான நேரத்தில் செய்யுங்கள்.

பக்கக்கட்டையின் அகலம் 35 மி.மீ. 10 சட்டமும் சேர்ந்து 350. பெட்டியின் உள்ளகலம் சுமார் 372. மீதமுள்ள 22 மி.மீ.யைச் சட்டங்களுக்கு இடையே பங்கிடாதீர்கள். எல்லாவற்றையும் நடுவில் நெருக்கித் தள்ளி, மிச்சத்தை இரு ஓரங்களில் விடுங்கள். புதுத் தாள் உள்ள புழு அறையில் (ராணி முட்டையிடும் கீழ்ப்பெட்டியில்) ‘காற்றோட்டத்துக்காக’ 9 சட்டம் மட்டும் போட்டால் நடுவே தாறுமாறாக அடை முளைக்கும். இந்தியத் தேனீக்குச் சட்ட இடைவெளி 30 முதல் 32 மி.மீ. வரைதான். அதற்கு 35 வைப்பதும் இதே குழப்பத்தைத் தரும்.

வண்ணம் வெளிப்புறம் மட்டும் அடியுங்கள், வெளிர்நிறமே நல்லது. வாடை போகும்வரை காயவிட்டு வையுங்கள். ஈரம் காயாத மரத்தில் செய்த பெட்டி ஒரே கோடையில் முறுக்கிக்கொள்ளும்.

பெட்டியை நிறுத்தும்போது பக்கவாட்டில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தேனீக்கள் அடையைத் தூக்குக்குண்டுபோல நேர் கீழாகவே கட்டும். பெட்டி சாய்ந்திருந்தால் அடை தன் சட்டத்தை விட்டு அடுத்த சட்டத்துக்குப் போய்விடும். வாசல் பக்கம் மட்டும் மழைநீர் வடியச் சற்றே தாழ்ந்திருக்கலாம். தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் வைத்தாலும், பெட்டியைத் தொடும் ஒரு புல் போதும், எறும்பு ஏறிவிடும்.

தேன் சேர்க்க மேலே வைக்கும் பெட்டியான தேன் அறையை அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். கீழே 7, 8 சட்டங்களில் தேனீ நிறைந்த பிறகு வையுங்கள். மேலே வெறும் தாள் இருந்தால், ராணியை மேலே வரவிடாத ராணித் தடுப்புத் தகட்டைத் தாண்டிப் பணித்தேனீக்கள் ஏறத் தயங்கும். கொஞ்சம் அடை கட்டியதும், ராணி மேலே இல்லை என்று பார்த்துவிட்டுத் தகட்டைப் போடலாம். பூ குறைந்த காலத்தில் தாளில் அடை கட்ட, சர்க்கரையும் தண்ணீரும் எடையில் சமமாகக் கலந்த பாகை மாலையில் பெட்டிக்குள் வையுங்கள். வெளியே ஒரு சொட்டுச் சிந்தினாலும் பக்கத்துப் பெட்டித் தேனீக்களின் கொள்ளை தொடங்கிவிடும்.

முகவலை, புகைப்பான், உளி, இவற்றோடு பூட்டித் தயாராக வைத்த இரண்டாவது பெட்டியும் தேனீ வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். கூட்டம் பிரியும் நாளில் பசை காயக் காத்திருக்க முடியாது.

உங்கள் வேளாண் பக்கத்தில் சட்டத்தின் வரைபடத்தை அளவுகளோடு, இரு தேனீ இனங்களுக்கும் தனித்தனியாக வெளியிடுங்கள். மூலைமட்டம் வைத்திருக்கும் எந்தத் தச்சரும் அதைப் பார்த்துச் சரியாக அடித்துவிடுவார்.

இப்படிக்கு,
தேனீ வளர்க்கும் வாசகர்கள்