என் குள்ளனைத் தூக்கிட்டு வந்தவனுக்கு

நான் படுக்கையில கெடந்த அந்த மூணு மாசம் எப்படிப் போச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், மறுபடி சொல்ல தெம்பு இல்ல. இப்ப உக்காந்து டைப் பண்ற அளவுக்கு வந்துட்டேன். நேத்து நைட்டு நான் இல்லாதப்போ நடந்த செஷன் நோட்ஸ் எல்லாம் படிச்சேன், படிச்சதுல இருந்து மனசே சரியில்ல, அதான் சூட்டோட சூடா எழுதிடறேன்.

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கறது ஆளுக்கொரு கேரக்டரா மாறி கதையாவே ஆடற ஆட்டம், அதுல என் கேரக்டர்தான் குள்ளன். ஆடறவங்களுக்குத் தெரியும், ஒரு ஆள் வரலன்னா அவன் கேரக்டர் "பின்னாடி வந்துட்டு இருக்கான்"னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. ஆட்டத்த நடத்தற டிஎம் அண்ணாவும் அதத்தான் சொல்லியிருக்கார். நம்ம ரூல்ஸ் வாத்தியார் ஒத்துக்கல. கயிறு எத்தன அடி மிச்சம்னு கூட கணக்கு கேக்கறவன், நாலு வருஷமா என்கூட சண்ட போடாத செஷனே கெடையாது. அவன் சொல்லியிருக்கான், குள்ளனுக்குக் காய்ச்சல், மயங்கிக் கெடக்கான், நான் தூக்கிட்டு வரேன்னு.

சரி தூக்கிக்கோன்னு அண்ணா விட்டாலும் இவன் விடணுமே. கேரக்டரோட ஸ்ட்ரெங்த்த, அதாவது பலத்துக்கான எண்ண, 15ஆல பெருக்கினா எத்தன பவுண்ட் தூக்கலாம்னு வரும், இவனுக்கு 16, அப்போ 240. என் குள்ளன் 150, சங்கிலிக் கவசம் 55, கேடயம் 6, ஆக 211. இவன் மூட்டை 69. நாப்பது பவுண்ட் கூட. (பவுண்டு எடைங்க, பவுன் இல்ல, ஆனா விஷயம் பவுன்லதான் போய் முடியுது.) அம்பது காசு சேந்தா ஒரு பவுண்ட், அதனால ஒரு வருஷமா மாயவாள் வாங்க சேத்து வெச்ச 2000 தங்கக் காச குகையில ஒரு கல்லுக்கு அடியில போட்டுட்டு என் குள்ளனத் தோள்ல ஏத்திருக்கான். கவசத்தக் கழட்டிப் போட்டா முடிஞ்சுதேன்னு யாரோ கேட்டதுக்கு "எந்திரிச்சதும் தேடுவான்"னானாம்.

என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பதினோரு செஷன், ஒவ்வொண்ணுலயும் அவன் கேரக்டர் ஷீட்ல மொதல் வரி: குள்ளன், 211.

மத்தவங்களுக்கும் நன்றி, தலகாணி மாதிரி இருக்கற ஃபேன்டஸி நாவல வாய்ஸ் நோட்டா படிச்சு அனுப்பி எல்ஃப் பேரு எல்லாத்தையும் கொலை பண்ணவளுக்கு, டைஸ் படத்த தினம் அனுப்பினவனுக்கு, டன்ஜியன் சிந்த்னு பழைய கோட்டை, குகை மூடுல வர்ற சிந்தசைசர் இசை பிளேலிஸ்ட் போட்டுக் குடுத்த தம்பிக்கு. 1975ல பிரையன் ஈனோங்கற இசைக்கலைஞர் விபத்துல அடிபட்டு படுத்திருந்தப்போ ஹார்ப் ரெக்கார்ட் ஒண்ணு ரொம்பக் கம்மி சத்தத்துல ஓடிச்சாம், எந்திரிச்சு சத்தம் கூட்ட முடியல, மழை சத்தத்தோட கலந்து அப்படியே கேட்டாராம், பின்னணியில அமைதியா ஓடற அவரோட ஆம்பியன்ட் இசைக்கு விதை அதுதான். எனக்கும் போன் எட்டாத தூரத்துல, ஃபேன் சத்தத்தோட கலந்து, ஏதோ பாழடைஞ்ச கோட்டைக்குள்ள படுத்திருக்கற மாதிரி. நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல, தூங்கினேன், அப்ப அதுவே பெருசு.

அடுத்த செஷன்ல மொதல் வேலை குகைக்குத் திரும்பறது. அங்க இப்ப ட்ரோல்னு ஒரு ராட்சசன் குடிவந்துருச்சுன்னு அண்ணா சிரிச்சுக்கிட்டே சொல்றார், வரட்டும். டேய் வாத்தியார், காச நான் தூக்கறேன். எடையெல்லாம் கூட்டிப் பாத்துட்டேன், எனக்கு எடம் இருக்கு.